ரபி என்றால் யூத பூசாரியா? ஒரு யூத ஆலயத்தைத் தாங்கிப் பிடிப்பது யார்? முழு விளக்கம்

2022 ஜனவரி 15, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோலிவில் என்ற சின்ன ஊர். அங்குள்ள பெத் இஸ்ரேல் யூத ஆலயத்தின் கதவை முன்பின் தெரியாத ஒருவர் தட்டுகிறார். நல்ல குளிர். ஆலயத்தின் ரபி சார்லி சைட்ரான்-வாக்கர் கதவைத் திறந்து அவரை உள்ளே அழைக்கிறார், டீ போட்டுக் கொடுக்கிறார், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டும் இருக்கிறார். பிறகு வழிபாடு தொடங்குகிறது. ஜெருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து ரபி பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், டீ குடித்த அதே ஆளின் கையில் துப்பாக்கி.

அடுத்த சுமார் 11 மணி நேரத்துக்கு உலகமே அந்த ஆலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பிணைக்கைதிகள் 4 பேர். பிடித்து வைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த மாலிக் ஃபைசல் அக்ரம். பக்கத்து ஊர் சிறையில் 86 ஆண்டுகள் தண்டனை அனுபவித்துவரும் ஆஃபியா சித்திக்கியை விடுதலை செய்ய வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அதற்காக அவர் யாருக்கு போன் போடச் சொன்னார் தெரியுமா? நியூயார்க்கில் இருக்கும் ஏஞ்சலா புக்டால் என்ற இன்னொரு ரபிக்கு!

ஒரு ரபி நினைத்தால் அமெரிக்க அரசே கைதியை விட்டுவிடும் என்று அவர் நம்பியிருக்கிறார். யூதர்கள்தான் உலகத்தை ஆட்டிப்படைக்கிறார்கள் என்ற பழைய கட்டுக்கதையின் விளைவு இது. புக்டாலால் செய்ய முடிந்தது, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்வது மட்டும்தான்.

சரி, உண்மையில் ரபி என்பவர் யார்? அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? ஒரு யூத ஆலயத்தில் வேறு யாரெல்லாம் வேலை செய்கிறார்கள்? இப்போது அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது ஏன் கஷ்டமாகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரபி என்பவர் பூசாரியா?

இல்லை. செய்திகளில் நாங்களும் 'யூத மதகுரு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனா ரபி என்ற எபிரேயச் சொல்லுக்கு 'என் ஆசிரியர்' என்பதுதான் பொருள். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை. சீடர்கள் இயேசுவை 'ரபீ' என்று அழைக்கும் இடத்தில், அதற்குப் போதகர் என்று அர்த்தம் என அங்கேயே விளக்கம் இருக்கும்.

பூசாரி என்று சொல்லத்தக்கவர்கள் யூத மதத்தில் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் கோஹென். ஜெருசலேம் கோயிலில் பலி கொடுப்பது அவர்களுடைய பொறுப்பு. அது பிறப்பால் வருவது, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது. கி.பி. 70-ல் ரோமானியர்கள் அந்தக் கோயிலை இடித்ததோடு பலியும் நின்றுபோனது. கோயில் இல்லாமல் மதத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் பிரார்த்தனையும் வேதப் படிப்பும் முன்னால் வந்தன. அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள்தான் ரபிகள்.

அதனால் ரபி ஆவதற்குப் பிறப்பு போதாது, படிக்க வேண்டும். ரபிகள் திருமணம் செய்துகொள்கிறார்கள், குழந்தை குட்டியோடு குடும்பமாக வாழ்கிறார்கள். கோஹென் பரம்பரையில் வந்தவர்களுக்கு இன்றும் மரபான ஆலயங்களில் சில மரியாதைகள் உண்டு. ஆனா ஆலயத்தை நடத்துவது அவர்கள் அல்ல.

ரபி இல்லாமல் வழிபாடு நடக்குமா?

தாராளமாக நடக்கும். பிரார்த்தனை தெரிந்த யார் வேண்டுமானாலும் முன்னால் நின்று நடத்தலாம். ஆனா 10 பேர் இல்லாமல் முழு வழிபாடு நடக்காது. இந்த 10 பேர் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர். மரபுவழி ஆலயங்களில் 13 வயது நிறைந்த ஆண்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருவார்கள். சீர்திருத்தப் பிரிவு போன்றவற்றில் பெண்களும் சேர்த்தி.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? அப்பாவோ அம்மாவோ இறந்தால், பிள்ளைகள் சுமார் 11 மாதங்கள் 'காதிஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்வது வழக்கம். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் கூட வேண்டும். அதாவது ஒருவர் தன் தாய்க்கான கடமையைச் செய்ய, மற்ற 9 பேர் நேரம் ஒதுக்கி வந்து நிற்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தை சுற்றுலா போன பலரும் பார்த்திருப்பீர்கள். கொச்சி யூதர்களிடம் முறைப்படி பட்டம் பெற்ற ரபி என்ற வழக்கமே இருந்ததில்லை. படித்த பெரியவர்களே பல நூறு ஆண்டுகள் வழிபாட்டை நடத்தினார்கள். ரபி இல்லாதது அவர்களுக்கு ஒரு குறையாகவே இல்லை. ஆனா 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலானவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். கட்டடம் இருக்கிறது, விளக்குகள் இருக்கின்றன, டிக்கெட் வாங்கிப் பார்க்க கூட்டமும் வருகிறது. வழிபாட்டுக்கு உள்ளூரில் 10 பேர் மட்டும் இல்லை.

ரபியைத் தவிர யார் யார் வேலை செய்கிறார்கள்?

ஓரளவு பெரிய ஆலயத்தை எடுத்துக்கொண்டால் இவர்களெல்லாம் இருப்பார்கள்.

கான்டர்: எபிரேயத்தில் ஹசான். பிரார்த்தனையை ராகத்தோடு பாடி வழிநடத்துபவர். நம் ஊர் ஓதுவார் போல என்று வைத்துக்கொள்ளலாம். கோலிவில் சம்பவத்தில் போன் வந்ததே, அந்த ஏஞ்சலா புக்டால் 1999-ல் முதலில் கான்டர் ஆனவர், 2001-ல்தான் ரபி. தென்கொரியாவில் கொரியத் தாய்க்கும் அமெரிக்க யூதத் தந்தைக்கும் பிறந்தவர். இந்த இரண்டு பொறுப்புக்கும் வந்த முதல் ஆசிய அமெரிக்கர் அவரே.

தோரா வாசிப்பவர்: தோரா என்பது கையால் எழுதப்பட்ட வேதச் சுருள். மொத்தம் 3,04,805 எழுத்துகள். இதில் உயிரொலிக் குறிகள் கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. புள்ளியும் கொம்பும் காலும் இல்லாமல் எழுதிய தமிழ் ஓலையை, ராகத்தோடு பிழையில்லாமல் படிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் வீட்டில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். சம்பளத்துக்கு வருபவரும் உண்டு, சேவையாகச் செய்பவரும் உண்டு.

கபாய்: வழிபாட்டின் ஒருங்கிணைப்பாளர். இன்று தோரா வாசிக்க யாரை மேடைக்கு அழைப்பது, யார் வீட்டில் விசேஷம், யாருக்கு நினைவு நாள் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. பத்துப் பேர் சேரவில்லை என்றால் போனை எடுத்து ஆள் சேர்க்கும் வேலை பெரும்பாலும் இவர் தலையில்தான் விழும்.

ஷமாஷ்: ஆலயத்தைத் திறந்து, மூடி, சுத்தம் செய்து, புத்தகம் அடுக்கிப் பராமரிப்பவர். ஹனுக்கா பண்டிகை விளக்கில் 8 மெழுகுவர்த்திகளை ஏற்றுவதற்காகவே ஒன்பதாவதாக ஒன்று இருக்கும். அதற்கும் ஷமாஷ் என்றுதான் பெயர்.

இறுதிச் சடங்குக் குழு: 'ஹெவ்ரா கதீஷா' என்று பெயர். இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி அடக்கத்துக்குத் தயார் செய்பவர்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள். இறந்தவரால் திருப்பி நன்றி செய்ய முடியாது என்பதால், யூத மரபில் இது உயர்ந்த சேவையாக மதிக்கப்படுகிறது.

இவர்கள் போக அலுவலக மேலாளர், கணக்கர், குழந்தைகளுக்கு எபிரேயம் சொல்லித்தரும் ஆசிரியர்கள், சமையலறைப் பணியாளர்கள், காவலாளிகள். இதில் யூதர் அல்லாதவர்களும் நிறைய.

2008 நவம்பரில் மும்பை நரிமன் ஹவுஸ் தாக்குதலில் ரபி கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் மனைவி ரிவ்காவும் கொல்லப்பட்டது ஞாபகம் இருக்கும். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை மோஷேவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து காப்பாற்றியவர், அங்கே வேலை பார்த்த இந்தியப் பெண் சாண்ட்ரா சாமுவேல்.

ரபிக்கு சம்பளம் யார் தருகிறார்கள்?

இங்கேதான் 'அதிகாரம்' என்ற கேள்விக்கு பதில் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு ஆலயமும் தனித்தனி அமைப்பு. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்தி, ஒப்பந்தம் போட்டு ரபியை வேலைக்கு எடுக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் விடலாம். போப் மாதிரி மேலே இருந்து நியமிக்க யாரும் இல்லை. அமெரிக்க யூதர்களுக்குத் தலைமை ரபி என்ற பதவியே கிடையாது.

எல்லா நாட்டிலும் இப்படியா என்றால், இல்லை. இஸ்ரேலில் அரசு அமைப்பாகவே தலைமை ரபி அலுவலகம் இருக்கிறது. அஷ்கெனாசி, செஃபார்டி என்ற இரு மரபுகளுக்கும் தனித்தனி தலைமை ரபிகள். அந்த நாட்டுக்குள் நடக்கும் யூதத் திருமணத்தை அந்த அலுவலகமே பதிவு செய்கிறது. பிரிட்டனில் தலைமை ரபி உண்டு, 2013 முதல் எஃப்ரெயிம் மிர்விஸ் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். ஆனா அங்கேயும் சீர்திருத்தப் பிரிவு ஆலயங்கள் அவருக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

கோலிவில் ஆலயத்தையே பாருங்கள். சுமார் 150 குடும்பங்கள் கொண்ட சின்ன சபை. சைட்ரான்-வாக்கர் 2006-ல் அதன் முதல் முழுநேர ரபியாக வந்தவர். துப்பாக்கிச் சம்பவத்துக்கு முன்பே அவர் அங்கிருந்து விலகுவது முடிவாகியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் வட கரோலினாவில் வேறொரு ஆலயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உலகத்தையே ஆட்டிப்படைப்பதாகச் சொல்லப்படும் ரபிகளில் ஒருவருடைய நிலைமை இது. வேலை மாறும்போது வீட்டையும் மாற்ற வேண்டிய ஒரு சம்பளக்காரர்.

பெண்கள் ரபி ஆகலாமா?

பிரிவைப் பொறுத்தது. முறைப்படி பட்டம் பெற்ற முதல் பெண் ரபி ஜெர்மனியின் ரெஜினா யோனாஸ். ஆண்டு 1935. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் 1944-ல் அவர் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் 1972-ல் சாலி பிரீசாண்ட் சீர்திருத்தப் பிரிவில் ரபியானார். கன்சர்வேடிவ் பிரிவில் 1985-ல் ஏமி ஐல்பெர்க். மரபுவழிப் பிரிவின் பெரும்பான்மை அமைப்புகள் இன்றும் பெண்களை ரபியாக ஏற்பதில்லை.

காவலும் ரபி வேலையா?

ரபியின் வேலைப் பட்டியலில் சத்தமில்லாமல் சேர்ந்த புது வேலை இதுதான்.

2018 அக்டோபர் 27. பிட்ஸ்பர்க் நகரின் 'ட்ரீ ஆஃப் லைஃப்' ஆலயத்தில் துப்பாக்கிச்சூடு, 11 பேர் பலி. அமெரிக்க யூதர்கள் மீது நடந்த மிக மோசமான தாக்குதல் அது. இறந்தவர்களில், வாசலில் நின்று வருபவர்களை முகம் மலர வரவேற்கும் சகோதரர்கள் இருவரும் அடக்கம். அந்த ஆலயத்தின் ரபி ஜெஃப்ரி மையர்ஸ். கான்டர் வேலையும் அவரே. ஓய்வுநாளான சனிக்கிழமை போன் பயன்படுத்துவதை மரபைப் பின்பற்றும் யூதர்கள் தவிர்ப்பார்கள். ஆனா பாதுகாப்பு ஆலோசகர் சொன்னதால், மையர்ஸ் சனிக்கிழமையும் போனை உடன் வைத்திருக்கத் தொடங்கியிருந்தார். அன்று போலீஸை அழைக்க அந்த போன் உதவியது. உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாள் விதியை மீறலாம் என்பது யூதச் சட்டத்தில் பழைய விதிதான்.

2019 அக்டோபர் 9. ஜெர்மனியின் ஹாலே நகரம். யோம் கிப்பூர் புனித நாளில் சுமார் 50 பேர் உள்ளே இருந்தபோது, துப்பாக்கியோடும் வெடிபொருளோடும் ஒருவர் வந்தார். பூட்டிய கதவு உடையாததால் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். வெளியே 2 பேரை அவர் சுட்டுக் கொன்றார்.

2025 அக்டோபர் 2. மறுபடியும் யோம் கிப்பூர். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹீட்டன் பார்க் ஆலயத்துக்கு வெளியே காரை ஏற்றியும் கத்தியால் குத்தியும் தாக்குதல். ரபியும் உள்ளே இருந்தவர்களும் கதவை அழுத்திப் பிடித்து, தாக்கியவரை உள்ளே விடாமல் தடுத்தார்கள். 2 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் போலீஸ் சுட்ட குண்டு பட்டு இறந்தார் என்பது இன்னும் வேதனை.

கோலிவில் ரபி உயிரோடு வந்ததற்கும் பயிற்சிதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எஃப்.பி.ஐ., உள்ளூர் போலீஸ், யூதப் பாதுகாப்பு அமைப்புகள் நடத்திய வகுப்புகளுக்கு அவர் போயிருந்தார். கடைசியில் துப்பாக்கிக்காரர் மீது நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியிருந்த இருவரையும் அழைத்துக்கொண்டு ஓடினார். ஒருவர் முன்பே விடுவிக்கப்பட்டிருந்தார்.

இறையியல் படிக்கப் போன ஒருவர், வெளியேறும் வழி எது, எந்த நாற்காலி கைக்கு எட்டும் என்றெல்லாம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆலயக் கதவு விருந்தாளிக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது மதத்தின் பாடம். கதவைப் பூட்டி வை என்பது பாதுகாப்பு வகுப்பின் பாடம். கதவைத் தட்டும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும், எதைக் கேட்பது என்று வாசலில் நிற்பவர்தான் அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

ஏன் ரபிகளுக்குத் தட்டுப்பாடு?

அமெரிக்காவின் மரபுவழி அல்லாத பிரிவுகளில் ரபி படிப்புக்கு வருபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இதற்குச் சில காரணங்கள்.

முதலாவது, படிப்பு நீளம். பட்டப் படிப்பு முடித்த பிறகு சுமார் 5 ஆண்டுகள். செலவும் அதிகம்.

இரண்டாவது, வேலைச் சுமை. பிரசங்கம், வகுப்பு, ஆஸ்பத்திரி, திருமணம், சாவு வீடு, நன்கொடை திரட்டுவது, இப்போது பாதுகாப்பும். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கும் காசா போருக்கும் பிறகு, ஒரே சபைக்குள் எதிரெதிர் கருத்துள்ளவர்களை ஒன்றாக உட்கார வைப்பதும் ரபியின் பொறுப்பாகிவிட்டது. என்ன பேசினாலும் ஒரு பக்கம் கோபம். பேசாமல் இருந்தாலும் கோபம்தான்.

மூன்றாவது, சமூகமே மாறியிருக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்புப்படி, 2010-க்குப் பிறகு திருமணம் செய்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதர் அல்ல. அப்படிப்பட்ட துணை இருந்தால் ரபி படிப்பில் சேரவே முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் இருந்தது. 2015 தொடங்கி அந்த விதி ஒவ்வொரு கல்லூரியாகத் தளர்ந்து, 2024-ல் சீர்திருத்தப் பிரிவின் ஹீப்ரூ யூனியன் கல்லூரியும் அதைக் கைவிட்டது.

அதே கல்லூரிதான் 2022-ல் இன்னொரு முடிவையும் எடுத்தது. 1875-ல் சின்சினாட்டி நகரில் தொடங்கிய கல்லூரி அது. அந்த நகரில் நடந்துவந்த ரபி பட்டப் படிப்பை 2026-க்குள் நிறுத்திவிட்டு, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற இடங்களில் மட்டும் தொடர்வது என்று முடிவு. கணக்குப்படி இது சரி. மாணவர்கள் குறைவு, செலவு அதிகம்.

ஆனா பாதிப்பு யாருக்கு? சின்சினாட்டியில் படித்த மாணவர்கள் வார இறுதியில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் உள்ள சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய் வழிபாடு நடத்திக் கொடுப்பார்கள். முழுநேர ரபிக்குச் சம்பளம் கொடுக்க முடியாத 20, 30 குடும்பங்கள் உள்ள ஊர்களுக்கு அந்த மாணவர்தான் ரபி. கல்லூரி தூரமானால் அவர்கள் வருவதும் சிரமம். முடிவை எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியமான வாதங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து என்ன நடக்கும்?

சில ஊர்களில் இரண்டு ஆலயங்கள் சேர்ந்து ஒரே ரபியை வைத்துக்கொள்கின்றன. சில இடங்களில் பகுதிநேர ரபி. சில இடங்களில் ஆன்லைன் வழிபாடு. இன்னும் சில சபைகளில் உறுப்பினர்களே படித்து, பாடி, நடத்துகிறார்கள். கொச்சியில் பல நூறு ஆண்டுகள் நடந்தது அப்படித்தானே!

அதனால் ரபி தட்டுப்பாட்டால் மட்டும் யூத ஆலயங்கள் மூடப்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது. அந்த மதம் வழிபாட்டை ஒரு தனி மனிதரிடம் ஒப்படைக்கவில்லை, 10 பேரிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தப் பத்துப் பேர் பயப்படாமல் வந்து உட்கார முடிகிறதா என்பதுதான் இப்போதுள்ள பெரிய கேள்வி. அவர்களைத் தேடிப் போன் போடும் கபாய், காலையில் கதவைத் திறக்கும் ஷமாஷ், வெளியே நிற்கும் காவலாளி என எல்லோருடைய வேலையும் அந்த ஒன்றுக்காகத்தான்.

அடுத்த முறை செய்தியில் 'யூத மதகுரு' என்று படித்தால், யாருக்கோ போன் போட்டு உலகத்தை அசைக்கும் ஒரு ஆளை மனதில் கொண்டுவராதீர்கள். குளிரில் நின்ற முன்பின் தெரியாதவருக்கு டீ போட்டுக் கொடுத்த அந்த டெக்சாஸ் ரபியை நினைத்துக்கொள்ளுங்கள். நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பது அவர்தான்.